வளைத்தவர் கடன்

செடி வளர்ப்பதில் ஈடுபாடு கொண்டோர் எவரும் ஒருநாளேனும் கையில் கத்தரிக்கோலுடன் ஒரு செடியின் முன் தயங்கி நின்றிருப்பர். வெட்டலாமா, கூடாதா என்ற தயக்கம் அது. ரோசாச் செடியின் முன் அத்தயக்கம் நெடுநேரம் நிலைப்பதில்லை. தவறாக வெட்டிவிட்டாலும் சில நாள்களில் புதுத் துளிர் வந்து நம்மை மன்னித்துவிடும். செம்பருத்தியும் அவ்வாறே. முருங்கையோ வெட்ட வெட்டத் தழைக்கும். ஆனால் ஊசியிலை மரங்களின் இயல்பு வேறு. பைன், ஸ்புரூஸ், சைப்ரஸ், தூஜா ஆகியவற்றில் பெரும்பாலானவை, பச்சை இலை இருக்கும் பகுதியோடு கத்தி நின்றுகொண்டால் மட்டுமே மீண்டும் துளிர்க்கும். இலை உதிர்ந்து வெறுங்கட்டையான பழைய பகுதிவரை வெட்டிவிட்டால் அக்கிளையின் வாழ்வு அத்துடன் முடிந்தது. யூ என்னும் மரம் இதற்கு விலக்கு. அது முதிர்ந்த கட்டையிலிருந்தும் தளிர்விடும். மற்றவை அவ்வளவு எளிதில் மன்னிப்பவை அல்ல.

இவ்வுண்மையை நாம் முதலில் நூலில் படித்து அறியவில்லை. நம் வீட்டு முற்றத்தில் தொட்டியில் ஒரு தூஜா நிற்கிறது. ஒரு பக்கம் சற்றுப் பழுத்துத் தோற்றம் கெட்டிருந்தது. விருந்தினர் வரவிருந்த நாள் அது. நான்கு வெட்டு வெட்டினால் வடிவம் சீராகும் என்று எண்ணி, பழுத்த பகுதி முழுவதையும் கட்டைவரை வெட்டினோம். ஆண்டுகள் சில கடந்துவிட்டன. வெட்டிய பக்கம் இன்றும் மொட்டையாகவே இருக்கிறது. மரம் சாகவில்லை, மறுபக்கம் நன்றாகவே தழைத்திருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் ஒரு கேள்வி நெஞ்சை உறுத்துகிறது. நம் கண்ணுக்கு இனிமையாக இருக்கவேண்டும் என்பதற்காக, தனக்கென ஓர் உருவும் ஒரு வளர்ச்சியும் உடைய உயிரைக் குறுக்கவும் வளைக்கவும் நமக்கு உரிமை உண்டா? உண்டெனில், அவ்வுரிமையோடு நம்மேல் சுமத்தப்படுவது என்ன?

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று நம் முன்னோர் கேட்டனர். வளையுமா, வளையாதா என்பதே அப்பழமொழியின் கவலை. வளைப்பவர் யார், எதற்காக வளைக்கிறார், வளைத்தபின் என்ன செய்கிறார் என்று அது கேட்பதில்லை. போகட்டும், ஐம்பதிலும் வளையும் என்பதுதான் உண்மை. போன்சாய் வளர்ப்பில் தேர்ந்த ஜப்பானியர், முதிர்ந்த கிளையைக்கூட நனைத்த நாரினால் இறுகச் சுற்றி, அதன்மேல் கம்பியைச் சுருளாக ஓட்டி, சிறிது சிறிதாக வளைத்துவிடுகின்றனர். சில மாதங்களில் கிளை புதிய வளைவையே தன் வடிவமாக ஏற்றுக்கொள்கிறது. அதற்குள் அது பருக்கவும் செய்யும். உரிய காலத்தில் கம்பியை எடுக்காவிட்டால் அது பட்டைக்குள் புதைந்து, நெடுங்காலம் மறையாத வடுவை விட்டுச்செல்லும். எடுக்கும்போதும் சுற்றியவாறே பிரித்தெடுக்கலாகாது, கிளை முறிந்துபோகும். துண்டு துண்டாக நறுக்கி எடுக்கவேண்டும். கம்பி வீணாகும், மரம் பிழைக்கும். சிக்கனம் கருதிக் கம்பியைக் காப்பாற்ற முயல்வோர் கிளையை இழப்பர்.

இவ்வளர்ப்பு முறைகளுள் மிக மென்மையானது குருத்துக் கிள்ளுதல். இளவேனிலில் பைன் மரத்தின் கிளை நுனிகளில், ஏற்றாத மெழுகுதிரிகள்போல் வெளிறிய குருத்துகள் நிமிர்ந்து எழும். அவை ஊசிகளாக விரிவதற்கு முன்பே விரல்களால் பாதியைக் கிள்ளிவிட்டால் அவ்வாண்டின் வளர்ச்சியும் பாதியாகக் குறைந்துவிடும், மரம் அடர்த்தியாகும். இதற்குக் கத்தியும் வேண்டா, கம்பியும் வேண்டா. ஆனால் ஆண்டுதோறும் அந்தச் சில நாள்களில் தோட்டக்காரர் அங்கே இருந்தாகவேண்டும்.

வெட்டியோ கிள்ளியோ குறுக்கப்படாமல், பிறவியிலேயே குறுகி வளரும் ஊசியிலை மரங்களும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் சவுத் ஆரஞ்சு என்னும் ஊரில் வாழ்ந்த வில்லியம் கொட்டெல்லி என்பவர் தம் வீட்டுத் தோட்டத்தில் அத்தகைய மரங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1962-ஆம் ஆண்டில் அவர் அவற்றை வாஷிங்டனில் உள்ள தேசிய மரப்பூங்காவுக்கு அளித்தபோது அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 1,500. ஒரு தனிமனிதரின் வீட்டுத் தோட்டத்தில் இத்தனையா என்று வியக்கத் தோன்றும். சேகரிப்பு என்பது இன்பமாகத் தொடங்கிப் பசியாக மாறுவது என்பதை அஞ்சல்தலை சேர்த்த எவரும் அறிவர். ஆனால் அஞ்சல்தலைகள் வளர்வதில்லை.

குள்ள மரங்களும் வளர்கின்றன என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. ஊசியிலை மர ஆர்வலரின் வகைப்பாட்டில் ஆண்டுக்கு 2.5 முதல் 15 சென்டிமீட்டர் வரை வளர்வது குள்ளம். அதனினும் குறைவாக வளர்வது மிகச் சிறியது. ஆகவே குள்ளம் என்பது மெல்ல வளர்வதையே குறிக்கும். வளராமல் நின்றுவிடுவதை அன்று. வாங்கும்போது முழங்கால் உயரமே இருந்த செடி, ஆண்டுக்கு 15 சென்டிமீட்டர் வீதம் இருபது ஆண்டுகளில் மேலும் மூன்று மீட்டர் உயர்ந்து, சன்னலை மறைத்து நிற்கும். பத்தாம் ஆண்டில் இருக்கும் உயரத்தைச் சீட்டில் எழுதிச் செடியில் கட்டி விற்பது நாற்றுப் பண்ணைகளின் வழக்கம். பதினோராம் ஆண்டைப் பற்றிச் சீட்டு பேசுவதில்லை.

இம்மரங்கள் தோன்றும் வகையும் நம் சிந்தனைக்குரியது. ஓங்கி வளர்ந்த பைனின் ஒரு கிளையில் மட்டும் சிற்சில வேளை நெருக்கமாகக் குச்சிகள் கூடி, பறவைக் கூடு போன்றதொரு திரள் உருவாகும். ஐரோப்பியர் இதனைச் சூனியக்காரியின் துடைப்பம் என்பர். பூஞ்சையாலோ சிற்றுயிர்களாலோ ஒட்டுண்ணிச் செடியாலோ இது நேரலாம். மொட்டில் ஏற்படும் மரபு மாற்றத்தாலும் நேரலாம். காட்டைப் பொறுத்தவரை அது ஒரு குறை; மரத்தோடு மடியவேண்டியது. ஆனால் சேகரிப்போர் அதைத் தேடிக் காடெல்லாம் அலைகின்றனர். எட்ட முடியாத உயரத்தில் இருந்தால் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்துவோரும் உண்டு. விழுந்த திரளிலிருந்து குச்சிகளை எடுத்து வேறொரு நாற்றின்மேல் ஒட்டுக் கட்டுகின்றனர். மரபு மாற்றத்தால் வந்த குறுக்கம் எனில், ஒட்டிலும் அது தொடரும். காட்டில் குறையாக இருந்தது தோட்டத்தில் பெயரும் விலையும் பெற்றுவிடுகிறது. மரத்துக்கு இது நன்மையா, தீமையா? ஒரு கிளையோடு அழிந்திருக்கவேண்டியது ஆயிரம் தோட்டங்களில் வாழ்கிறது. ஒட்டின் வழியாக அது அந்தக் குறுகிய வடிவிலேயே நீடித்திருக்கிறது என்பதும் உண்மை.

1904-ஆம் ஆண்டில் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில், லாகன் என்ற இடத்திற்கு அருகே, ஆர்னால்ட் மரப்பூங்காவைச் சேர்ந்த ஜாக், ரேடர் என்னும் தாவரவியலார் இருவர் கூம்பு வடிவில் குறுகி வளர்ந்த வெள்ளை ஸ்புரூஸைக் கண்டெடுத்தனர். இன்று உலகெங்கும் வீட்டு வாயில்களின் இருபுறமும் காவலர்போல் தொட்டிகளில் நிற்கும் ஆல்பர்ட்டாக் குள்ள ஸ்புரூஸின் மூலம் அதுவே. இம்மரத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. பல ஆண்டுகள் அடக்கமாக வளர்ந்துகொண்டிருக்கும்போதே திடீரென ஒரு கிளை, காட்டு ஸ்புரூஸைப்போல் நீண்ட ஊசிகளோடும் அகன்ற இடைவெளிகளோடும் வேகமாகப் பாய்ந்து எழும். கண்டவுடன் அதை அடியோடு வெட்டிவிடவேண்டும் என்பது தோட்டக்கலை விதி. விட்டுவைத்தால் அது குள்ளப் பகுதியை நிழலில் ஆழ்த்தி, மரம் முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும்.

இந்த விதியைப் படித்தபோது நமக்குச் சற்று அதிர்ச்சியாகவே இருந்தது. நாம் வெட்டி எறியும் அக்கிளை நோயுற்றதன்று. தன் மூதாதையரைப்போல் வளர முயலும் நலமான கிளை. நலத்தை வெட்டிக் குறையைக் காக்கிறோம். இதில் கொடுமை சிறிதும் இல்லை என்று சொல்லிவிட நமக்கு மனம் வரவில்லை. வலியை உணரும் நரம்பு மரத்துக்கு இல்லை என்ற விளக்கம் ஓரளவு ஆறுதல் தரலாம். எனினும் நம் கேள்வி மரத்தின் வலியைப் பற்றியது மட்டுமன்று. வெட்டும் கையைப் பற்றியதும் ஆகும்.

இயற்கையே மரங்களை வளைக்கவில்லையா என்று கேட்போர் உளர். கலிபோர்னியாவின் வெள்ளை மலைகளில், மூன்றாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், காற்றும் பனியும் வறட்சியும் முறுக்கிய பிரிசில்கோன் பைன் மரங்கள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று 4,800 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அதற்கு விவிலியத்து மெத்துசேலாவின் பெயரைச் சூட்டியுள்ளனர். வளமான மண்ணில் தங்கள் இனத்தைச் சேர்ந்தவை அடையாத முதுமையை அவை வறுமையில் அடைந்திருக்கின்றன. நமக்கு நெருக்கமான ஒரு சான்றும் உண்டு. கிறிஸ்துமஸ் மரம் என்ற பெயரில் நம் ஊர்களில் தொட்டிகளில் விற்கப்படும் அரக்கேரியாவின் இனத்தது குக் பைன். நியூ கலிடோனியாத் தீவுகளைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் உலகில் எங்கே நட்டாலும் நிலநடுக்கோட்டை நோக்கிச் சாய்கிறது. வட பாதியில் தெற்காகவும் தென் பாதியில் வடக்காகவும் சாய்வதை, ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்து 2017-இல் ஆய்வாளர் வெளியிட்டனர். நடுக்கோட்டிலிருந்து விலக விலகச் சாய்வும் மிகுகிறது. கம்பி சுற்றியவர் எவரும் இல்லை. அரக்கேரியாவிடம் இன்னொரு பிடிவாதமும் உண்டு. அதன் பக்கக் கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்தால், தனிச் செடியான பின்னும் அது கிளையைப் போலவே கிடையாகப் படரும், நிமிராது. நிமிர்ந்த செடி வேண்டுமெனில் உச்சிக் குருத்திலிருந்துதான் எடுக்கவேண்டும். வளைப்பவர் விருப்பத்துக்கெல்லாம் மரம் இசைந்துவிடுவதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

ஆயினும் காற்று வளைத்ததும் நாம் வளைப்பதும் ஒன்றாகிவிடா. காற்றுக்கு நோக்கம் இல்லை. நோக்கம் இல்லாததால் கடனும் இல்லை. மலைப்பைனை முறுக்கிய காற்று மறுநாள் வேறு மலைக்குப் போய்விடலாம். மரத்தின் வேர் பாறையைப் பற்றியிருக்கும். நாம் தொட்டியில் வளைத்த பைனுக்குப் பாறை இல்லை. இரு கை அகலத் தட்டில் ஒரு பிடி மண்ணே அதன் உலகம். கோடையில் நாள்தோறும் நீர் வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தட்டிலிருந்து எடுத்து வேரைக் கத்தரித்துப் புதுமண் இடவேண்டும். நாம் மனம் மாறி, இனி இதற்கு விடுதலை என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டால், அந்த விடுதலை ஒரு கோடை வாரத்தில் அதைக் கொன்றுவிடும். வளைத்த நாளிலேயே அதன் வாழ்வை நம் வாழ்வோடு முடிச்சிட்டுவிட்டோம். வெட்டுவதற்கு உரிமை உண்டா என்று தொடங்கிய நம் கேள்வி இங்கே வந்து சற்றே திரும்புகிறது. வெட்டியவர் எத்தனை காலம் அங்கே நிற்கப்போகிறார்?

நட்டுவிட்டு நிற்காமற்போனவர்களுக்கு இங்கிலாந்தின் லேலண்ட் சைப்ரஸ் ஒரு சான்று. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வெவ்வேறு பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இரண்டு சைப்ரஸ் இனங்கள், வேல்ஸ் நாட்டில் ஒரு மாளிகைத் தோட்டத்தில் அருகருகே நடப்பட்டதால் கலந்து, 1888-ஆம் ஆண்டில் பிறந்த கலப்பினம் அது. ஆண்டுக்கு ஒரு மீட்டர்வரை வளரும். அண்டை வீட்டாரின் பார்வையை விரைவில் மறைக்கலாம் என்று பலரும் வேலியாக நட்டனர். ஆண்டுதோறும் கத்தரித்தால் ஒழுங்கான வேலி. சில ஆண்டு மறந்தால் அடுத்த வீட்டின் வெயிலை விழுங்கும் சுவர். மறந்தபின் நினைவு வந்து வெட்டப்போனால் உள்ளே இலையற்ற கட்டை மட்டுமே இருக்கும், அது துளிர்க்காது. உயர்ந்த வேலிகளைப் பற்றிய பிணக்குகள் பெருகி, 2003-இல் நாடாளுமன்றம் இயற்றிய சமூக விரோத நடத்தைச் சட்டத்தில் இதற்கென ஒரு பகுதியையே சேர்க்க நேர்ந்தது. மரத்துக்குச் சமூகத்தோடு விரோதம் ஏதுமில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கொட்டெல்லியின் மரங்கள் சென்று சேர்ந்த அதே வாஷிங்டன் மரப்பூங்காவில் இன்னொரு பைன் இருக்கிறது. அது 1625-ஆம் ஆண்டு முதல் தொட்டியில் பயிற்றப்பட்டுவரும் ஜப்பானிய வெள்ளைப் பைன். ஹிரோஷிமாவில் யாமாகி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அதை வளர்த்துவந்தனர். 1945 ஆகஸ்டு 6 காலை அந்நகரின்மேல் அணுகுண்டு வெடித்தபோது, வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில் அவர்களுடைய தோட்டம் இருந்தது. வீட்டுக்குள் இருந்தவர்களைச் சிதறிய கண்ணாடித் துண்டுகள் காயப்படுத்தின, உயிர் தப்பினர். தோட்டத்தைச் சூழ்ந்திருந்த உயரமான சுவர் மரங்களைக் காத்தது. நகரமே எரிந்துகொண்டிருந்த அந்நாள்களில், அம்மரங்களுக்கு யாரோ ஒருவர் நீர் வார்த்திருக்கவேண்டும். ஆகஸ்டு மாதம், நீர் இல்லையேல் தொட்டிப் பைன் தாங்காது. அந்தக் கையைப் பற்றி வரலாறு எதுவும் எழுதிவைத்ததாக நாம் அறியோம். மரம் இன்று இருக்கிறது என்பதிலிருந்தே அக்கை இருந்தது என்று அறிகிறோம்.

1976-ஆம் ஆண்டில், அமெரிக்கா விடுதலை பெற்ற 200-ஆம் ஆண்டு நிறைவையொட்டி ஜப்பானியர் 53 போன்சாய் மரங்களை அந்நாட்டுக்குப் பரிசளித்தனர். போன்சாய்க் கலைஞரான மசாரு யாமாகி இந்தப் பைனைக் கொடுத்தார். அது எங்கிருந்து வந்தது, எதைக் கடந்து வந்தது என்ற செய்தி அப்போது பரவலாக அறியப்படவில்லை. 2001-ஆம் ஆண்டில் அவருடைய பேரர்கள் இருவர் மரத்தைக் காண வாஷிங்டனுக்கு வந்து சொன்ன பின்னரே ஹிரோஷிமாக் கதை வெளிப்பட்டது. தன் நகரத்தின்மேல் குண்டு வீசிய நாட்டுக்குத் தன் குடும்பத்தின் மிக மூத்த உடைமையை ஒருவர் ஓசையின்றிக் கொடுத்துவிட்டார்.

இதை மன்னிப்பு என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுவது எளிது. நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். பிறகு யோசிக்கையில் வேறொன்று புலப்பட்டது. ஓவியத்தைக் கொடுத்தால் வாங்கியவர் சுவரில் மாட்டிவிட்டு மறந்துவிடலாம். தொட்டிப் பைனைக் கொடுத்தால் மறக்க முடியாது. யாமாகி கொடுத்தது ஒரு மரத்தை மட்டுமன்று. நாள்தோறும் நீர் வார்க்கும் கடமையையும் சேர்த்தே கொடுத்தார். 1976 முதல், போர்க்காலப் பகை நாட்டின் தோட்டக்காரர்கள், காலைதோறும் ஹிரோஷிமாவின் மரத்துக்கு மண்ணின் ஈரம் பார்க்கின்றனர், குருத்துக் கிள்ளுகின்றனர், கம்பியை உரிய காலத்தில் நறுக்கி எடுக்கின்றனர். பொறுப்பாளர் ஓய்வுபெற்றால் அடுத்தவர் வருகிறார். மரம் எவருடையது என்று கேட்டால் விடை சொல்வது கடினம். இன்று அதற்கு நீர் வார்ப்பவர் யார் என்பதற்கு மட்டும் எப்போதும் ஒரு பெயர் இருக்கிறது.

இத்தனைக்குப் பின்னும் நம் முதல் கேள்வி முழுவதும் தீர்ந்துவிட்டதாகச் சொல்ல இயலாது. நானூறு ஆண்டுக் கவனிப்பு, 1625-இல் முதற்கம்பியைச் சுற்றிய கையை நியாயப்படுத்திவிடுமா? கவனித்ததால் வளைத்தது சரியாகிவிடும் என்றால், எந்த அடக்குமுறையாளரும் தம் பராமரிப்பைக் கணக்குக் காட்டித் தப்பிவிடுவர். பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்கும் மாணவரைப் பயிற்றும் ஆசிரியருக்கும் மரத்தை உவமையாகக் காட்டும் வழக்கம் நம்மிடையே பரவியிருப்பதால், இந்த இடத்தில் எச்சரிக்கை வேண்டும். பிள்ளை ஒருநாள் எதிர்த்துப் பேசும், வீட்டைவிட்டு வெளியேறும், நாம் கொடுத்த வளைவை நிமிர்த்திக்கொள்ளவும் செய்யும். அவற்றைத் திடீரென எழும் காட்டுக் கிளையாகக் கருதி அடியோடு வெட்டுவோர் உண்டு. தட்டில் நிற்கும் பைன் வாய் திறக்காது. வாய் திறக்காத உயிரிடம் நாம் காட்டும் ஒழுங்கை, வாய் திறக்கும் உயிருக்கு விதியாக்கலாகாது. உவமை இங்கே நிற்கட்டும்.

ஆனால் வளைத்துவிட்டவருக்கு முன் இருப்பது வேறு கேள்வி. கொட்டெல்லி தம் 1,500 மரங்களையும் தம்மோடு முடியவிடாமல், பார்த்துக்கொள்ளும் கைகளைத் தேடி ஒப்படைத்தார். சேகரித்த பெருமையைவிட அதுவே நமக்குப் பெரிதாகப்படுகிறது. வீட்டுத் தோட்டங்கள் பலவற்றின் கதி அப்படி அமைவதில்லை. உரியவர் மறைந்தபின் வீடு கைமாறும். புதிதாக வருபவருக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டியிருக்கும். அவரைக் குறைசொல்வதற்கில்லை. மரத்தை நட்டவர் அவரிடம் ஒன்றும் சொல்லிவைக்கவில்லையே.

நம் முற்றத்துத் தூஜாவைச் சில காலம் மொட்டைப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பிவைத்திருந்தோம். வருவோர் கண்ணில் படாது அல்லவா! ஆனால் ஒரே பக்கத்தில் வெயில் பட்டால் தொட்டி மரம் அப்பக்கமே சாயும், அவ்வப்போது திருப்பவேண்டும். இப்போது வாரம் ஒருமுறை கால் சுற்றுத் திருப்புகிறோம். மாதத்தில் ஒரு வாரம் மொட்டைப் பக்கம் வாசலைப் பார்த்து நிற்கிறது. யாரேனும் கேட்டால், வெட்டியது நாம்தான் என்று சொல்லிவிடுகிறோம். சென்ற மாதம் பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தி, நாம் ஊருக்குப் போகும் நாள்களில் அதற்குத் தான் நீர் ஊற்றுவதாகக் கூறினாள். எவ்வளவு ஊற்றவேண்டும் என்று காட்டிக்கொடுத்திருக்கிறோம்.